அப்பா மேல சத்தியம்

என் உயிரான அப்பாவுக்கு,

இதைச் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் காலை மடக்கி உட்காரும் அளவுக்குத்தான் இடம். செல்போன் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஒரு தட்டை வைத்து மறைத்திருக்கிறேன். அம்மாவும் ரேவதி அக்காவும் முன் அறையில் தூங்குகிறார்கள். யாராவது எழுந்து வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் எனக்குப் பொய் நன்றாக வருகிறது அப்பா. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பீர்களே, "இன்னாமா ஷாலு, ஊர்ல இன்னா சேதி?" என்று.

இன்று காலை நம் ஊரில் சைக்கிள் பயணம் நடந்தது. பணம் இல்லாமல் இதய ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக நிதி திரட்டும் பயணம். தேரடியில் தொடங்கி, திருப்புட்குழி வரை போய்த் திரும்ப வேண்டும். ஓட்டுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து நிறையப் பேர் போனோம். பள்ளியில் கொடுத்த அந்தக் கனமான சைக்கிள்தான் எனக்கு. சென்னையிலிருந்து கியர் சைக்கிள்காரர்களும் வந்திருந்தார்கள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கையுறை என்று உடம்பெல்லாம் மூடியிருந்த ஒருவரைக் காட்டி, "இவுரு சைக்கிள் வுட வந்தாரா, ராக்கெட் வுட வந்தாராடி?" என்று நித்யா என் காதைக் கடித்தாள். நித்யாவை நினைவிருக்கிறதா? வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், உங்களைச் சித்தப்பா முறை வைத்து 'பாபாய்' என்று கூப்பிடுவாளே, அவள்தான்.

பேனர் எல்லாம் நம் கடையில்தான் அடித்தார்கள். நீங்கள் போன பிறகு கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார், எழுத்துப் பிழை மட்டும்தான் அவருக்குக் கண்ணில் படாது. 'மாரடைப்பைத் தடுப்போம்' என்று வர வேண்டியது 'மாரடிப்பைத் தடுப்போம்' என்று பத்தடி நீளத்துக்கு அச்சாகி வந்துவிட்டது. அம்மாதான் பார்த்தாள்.

"ஏம்பா, யாரு மார்ல அடிச்சிக்கினு இருக்காங்க, தடுக்கறதுக்கு?"

"ஒரு எழுத்துதானே அண்ணி. யாரு நின்னு படிக்கப் போறா?"

"உங்கண்ணன் இருந்திருந்தா அந்த ஒரு எழுத்துக்குச் சோறு தின்னாம உக்காந்திருப்பாரு."

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே அந்த எழுத்தை மட்டும் தனியாக அடித்து மேலே ஒட்டினார்.

பேனரின் நடுவில் உங்கள் படம். சித்தப்பா கல்யாணத்தில் எடுத்தது, பல் தெரியச் சிரிப்பீர்களே, அது. கீழே 'இவரைப் போல் தாமதிக்காதீர்கள்' என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் எங்கே தாமதித்தீர்கள்? மிஷினில் சாய்ந்துகொண்டு, "வாயு புடிச்சிக்குச்சுடா, ஒரு பன்னீர் சோடா வாங்கினு வா" என்று சித்தப்பாவை அனுப்பினீர்கள். அவர் சோடாவோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயு என்று நம்பினீர்கள், அவ்வளவுதானே? அம்மா அந்த பேனரைப் பார்த்து, "ஊருக்கே பாடமாயிட்டாரு உங்கப்பா" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊருக்கே பாடம் சரி அப்பா. அம்மாவுக்கு மட்டும் ஏன் அந்தப் பாடம் ஏறவில்லை?

இனி மறைக்க முடியாது, சொல்கிறேன். கொஞ்ச நாளாகவே அம்மாவுக்குப் பல் வலி. இடது பக்கக் கடைவாய்ப் பல் என்று சொல்லி, கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவள், பாதி மாடிப்படியிலேயே குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கையால் தாடையைப் பிடித்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. "இன்னாமா?" என்றேன். "பல்லுடி, உயிரு போவுது" என்றாள். சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். வலி தானாகவே போய்விட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பல்வலி எங்கேயாவது உட்கார்ந்தால் போகுமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு இந்தச் சைக்கிள் பயணத்துக்காக ஒரு டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கு வந்து பேசினார். மாரடைப்பு என்றால் எல்லாருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று நினைக்காதீர்கள், பெண்களுக்குத் தாடையில் வலிக்கலாம், முதுகில் வலிக்கலாம், வெறுமனே வியர்க்கலாம், மூச்சு வாங்கலாம் என்றார். படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் போகிற வலி எதுவானாலும் உடனே வந்து காட்டுங்கள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் அது வேறு, அப்போது ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது என்றார். பக்கத்தில் நித்யா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதி மாடிப்படியில் வைத்த குடம்தான் கண்ணில் வந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை அப்பா. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா கல்யாணம் முடியட்டும்மா. தை மாசம்தானே? அதுக்கப்புறம் நீ எங்க கூட்டினு போனாலும் வரேன்."

"இப்பவே போய்க் காட்டினா இன்னாமா?"

"ஒரு வீட்ல ஒருத்தருக்கு ஹார்ட்டுன்னா விதின்னுவாங்க. ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் ஹார்ட்டுன்னா, பொண்ணு ரத்தத்துலயே இருக்குதுன்னுவாங்க. யாருடி கட்டிப்பான்? அவளுக்கு மட்டுமில்ல, நாளைக்கு உனக்கும்தான்."

நான் அழுதேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். உள்ளங்கையை நீட்டினாள். "அப்பா மேல சத்தியம் பண்ணு. அக்காக்கு, சித்தப்பாக்கு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு."

அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

உயிரோடு இருப்பவர்கள் மேல் சத்தியம் பண்ணி மீறினால் அவர்களுக்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால் யார் மேலும் நான் சத்தியம் பண்ணியதே இல்லை. இறந்தவர்கள் மேல் பண்ணி மீறினால் என்ன ஆகும்? யாரைக் கேட்பது? பொதுவாகக் கேட்கிற மாதிரி நித்யாவைக் கேட்டேன்.

"அவங்களுக்கு இனிமே இன்னாடி ஆவப் போவுது?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சாமியாயிட்டாங்க இல்ல, உன் கண்ணக் குத்தும்" என்றாள். "நீ யார் மேலடி பண்ண?"

"யார் மேலயும் இல்ல."

அன்று முதல் தண்ணீர்க் குடத்தை நானே தூக்குகிறேன். மாவு ஆட்டக் கொண்டுபோவது, துணி காயவைக்க மொட்டை மாடி ஏறுவது எல்லாம் நான்தான். "சின்னவளுக்குத் திடீர்னு பொறுப்பு வந்துடுச்சு" என்று அக்கா கிண்டல் செய்கிறாள். அம்மா படி ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும், தை வந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மாவும் அக்காவும் வேலை செய்யும் புடவைக் கடையிலும் மாடி இருக்கிறது. அக்கா கீழே பில் போடுகிறாள், கட்டுக் கட்டாகப் புடவை சுமந்து ஏறி இறங்குவது அம்மாதான். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தியத்துக்குப் பயந்து மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எனக்கும் அந்தக் கல்யாணம் வேண்டும் அப்பா. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை. சரவணன் மாமா பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்றைக்குத்தான் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். அம்மா ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது கூசுகிறது என்று குதித்தாள். அதை நானா நிறுத்துவது என்று இருந்தேன். அம்மாவின் உயிரை ஒரு பக்கமும் அக்காவின் பாட்டை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு, நான் சும்மா இருந்துவிட்டேன்.

இன்று காலை தேரடியில் கொடி அசைத்தது அம்மாதான். உங்கள் மனைவி என்பதால் கூப்பிட்டார்கள். என்னை மைக்கில் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'வலியை மறைக்காதீர்கள். மறைப்பவர்களுக்குத் துணை போகாதீர்கள்' என்று முடியும். அம்மா பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் உங்கள் பேனரைப் பார்த்துச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவும் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள்.

திருப்புட்குழியில் திரும்பும் இடத்தில் நீர்மோர் கொடுத்தார்கள். சரவணன் மாமாவின் அம்மா தன் தெருப் பெண்களோடு அங்கே நின்று டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர் அதுதான். என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"இன்னாமா இப்டி வேர்த்துக்கினு? மொதல்ல நெழல்ல நில்லு. அம்மா எப்டி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க அத்த."

"ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுமா. ஒத்த ஆளா நின்னு ரெண்டு பொண்ணக் கரை சேக்கறதுன்னா சும்மாவா? ஏதாவதுன்னா எங்களுக்குச் சொல்லணும், இன்னா?"

"ஒண்ணும் இல்ல அத்த. நல்லாத்தான் இருக்காங்க."

அவர் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அவர் திரும்பியதும் அதை நித்யாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

திரும்பி வந்தபோது முடிவிடத்தில் பந்தல் போட்டு இலவசமாக ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயணத்தில் வந்தவர்களின் குடும்பத்தாருக்கெல்லாம் எடுப்போம், ஷாலினியின் தாயார் முதலில் வரட்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். இதோ, தானாகவே தெரிந்துவிடப் போகிறது, நான் எதையும் மீற வேண்டியதில்லை என்று நினைத்தேன். அம்மா ஒரு அடிகூட நகரவில்லை. "எனக்கின்னா, கல்லு மாரி இருக்கறேன். இவருக்குப் பாருங்க, தொந்தியப் பாத்தாலே பயமா இருக்குது" என்று சித்தப்பாவைப் பிடித்துத் தள்ளினாள். சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டு, "கூசுது சார், கூசுது சார்" என்று நெளிந்தார். கூட்டமே சிரித்தது. கையெட்டும் தூரத்தில் டாக்டர் இருந்தார், மிஷின் இருந்தது, கட்டில் இருந்தது. நான் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜூஸ் குடித்தேன்.

இதுவரைக்கும் சொன்னது காலையில் நடந்தது. இதை எழுத வைத்தது சாயங்காலம் நடந்தது.

அம்மா தரையில் சம்மணம் போட்டுப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். படி ஏறவில்லை. எதையும் தூக்கவில்லை. பேசிக்கொண்டே கட்டியவள் நிறுத்தினாள். நார் கையிலிருந்து நழுவியது. தாடையைப் பிடித்தாள், பிறகு இடது தோளை. அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சரவணன் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் 'வேண்டாம்' என்று அசைத்தாள். நான் கிராம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா, நான் கிராம்பு எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தும் கொடுத்தேன். சித்தப்பா சோடா வாங்கப் போனதை இத்தனை நாளும் மனதுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்காவது தெரியாது.

கேட்க வந்தது இதுதான். உங்கள் மேல் பண்ணிய சத்தியத்தை நான் மீறலாமா? நீங்கள் கண்ணைக் குத்துவீர்களா? குத்தினால் குத்துங்கள். ஆனால் அம்மா நீங்கள் கட்டிய பெண்டாட்டி. அவள் இப்படிச் சாகக் கிடக்க உங்கள் பெயரையே பூட்டாகப் போட்டிருக்கிறாளே, அது உங்களுக்குச் சம்மதமா? நீங்கள் இருந்து, அவள் இப்படித் தாடையைப் பிடித்திருந்தால், கல்யாணமாவது ஒன்றாவது என்று லுங்கியோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டீர்களா?

இருங்கள் அப்பா. அக்காவை எழுப்பப் போகிறேன்.

எழுப்பிவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அக்காவைச் சமையல்கட்டுக்கு இழுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தைக் கெடுக்கிறாயா என்று அறைவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"உன்னாண்டயுமா வாங்கினாங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கடையில போன மாசம் மாடியாண்ட மயங்கி உழுந்துட்டாங்கடி. பில் போடற எடத்துலேருந்து நான்தான் ஓடினேன். வெயில்னு சொன்னாங்க. நான் நம்பல, ஆஸ்பத்திரிக்கு வான்னேன். அப்பா மேல சத்தியம் வாங்கிட்டாங்க. உனக்குத் தெரியக் கூடாதாம். சின்னவ பயந்துக்குவா, சைக்கிளு ஓட்ட மாட்டா, பரீட்ச எழுத மாட்டான்னு..."

ஒரே வீட்டில், ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம் அப்பா. இரண்டு பேருமே உங்கள் பெயரைச் சொல்லி.

"கல்யாணம்?" என்று கேட்டேன்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அவராண்ட நான் சொல்லிக்கறேன். வேணும்னா இருக்கட்டும், வேணாம்னா போவட்டும்" என்றாள். கை அதற்குள் சித்தப்பாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க மொதல்ல. அண்ணிய ஒரு படிகூட நடக்க வுடாதீங்க. நான் வந்து நாற்காலியோட தூக்கிக்கறேன்" என்று கத்தினார். பின்னால் சித்தியின் குரலும் கேட்டது. ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டோம்.

அம்மாவை எழுப்பினோம். எழுந்து உட்கார்ந்தவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"யாருடி சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள், "அப்பாதாம்மா சொன்னாரு."

அம்மா திட்டவில்லை. உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு, "வலி இன்னும் கொஞ்சம் இருக்குதுடி" என்றாள், சின்னப் பிள்ளை சொல்வதுபோல. அக்கா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டதும், "நான் இன்னா சாமியா, தூக்கினு போறதுக்கு?" என்றாள். நைட்டியோடு வர மாட்டாளாம், புடவை கட்ட வேண்டுமாம். முடியாது என்று அக்கா நைட்டியின் மேலேயே ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள். நான் பையில் துணி, ஆதார் கார்டு, சார்ஜர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

கீழே சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள் போல.

அப்பா, நான் சொல்வதில் தாமதித்தேன். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அதை நான் யாரிடமும் மறைக்க மாட்டேன், உங்களிடமும் மறைக்க மாட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி இனி இந்த வீட்டில் யாரும் யார் வாயையும் மூட விடமாட்டேன். கையில் அடித்து எல்லாம் சொல்லவில்லை, சும்மாதான் சொல்கிறேன். அதற்கே நான் கட்டுப்படுவேன். டாக்டர் கேட்டால் பல்லிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நானே சொல்வேன்.

இப்படிக்கு,
அம்மாவை உங்களிடம் அனுப்ப மனமில்லாத
உங்கள் பெண்கள்,
ரேவதி, ஷாலினி